கொஞ்சம் பூசினாப்ல

உலகத்தில் பெயின்ட் பிரஷ் பிடித்தவர்கள் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்தால் என் மாமா அந்த வரிசையில் இருக்கமாட்டார். வரிசைக்குப் பின்னால் இருக்கிற சுவர் சரியில்லை என்று அதை அடித்துக்கொண்டிருப்பார். வானத்துக்கு முதல் கோட் யார் அடித்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது கோட் என் மாமாதான். நிலாவில் திட்டுத் திட்டாகத் தெரிகிறதே, அது அவர் வேலை இல்லை. சுவரின் மேடுபள்ளத்துக்குப் பட்டி தேய்க்கத் தெரியாத எவனோ அவசரத்தில் செய்துவிட்டுப் போனது. வெள்ளையில் மட்டும் நாற்பத்தொரு வெள்ளை சொல்வார். நீங்கள் சிரித்தால் பல் நம்பரைச் சொல்லி, அதில் எது கட்டின பல் என்பதையும் சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரை ஒரு சட்டைப் பொத்தான் அளவு புண் படுக்கவைத்துவிட்டது. அதுவும் ஆறிப்போன புண். இருந்தபோது சும்மா இருந்துவிட்டு, போன பிறகு ஆள் வைத்து அடித்த மாதிரி. இதை நினைத்தால் இன்னும் எனக்கு எதையாவது எட்டி உதைக்கவேண்டும் போல இருக்கிறது. உதைத்தும் இருக்கிறேன். என் சைக்கிள் ஸ்டாண்டு வளைந்திருப்பது அதனால்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடு மூன்றாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையல் இடமும் ஜன்னல் இல்லாத ஒரு பாத்ரூமும் உள்ள வீட்டில் இருக்கிறார். வயது நாற்பத்தாறு. உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் மேலே, அகலம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தெருவில் எல்லோரும் அவரை "ஏணி" என்றுதான் கூப்பிடுவார்கள். ஏணி மேல் ஏணி ஏறுகிறது என்று சொல்லிச் சிரிக்காத கொத்தனார் கிடையாது. அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்காது. தம்பி உடம்பு ஒட்டிக் கிடப்பது தன் சமையலுக்கு யாரோ போட்ட மார்க் என்று நினைப்பாள். இரண்டு முட்டை கூட வைப்பாள். அந்த முட்டை எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை.

நான் பத்தாம் வகுப்பு வரை போனேன். கணக்கு வாத்தியாரும் நானும் ஒரே நாளில் ஒருவரையொருவர் கைகழுவினோம். இப்போது ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். அடுத்தவர் காகிதத்தைப் படித்து வருகிற அறிவுதான் என் அறிவு.

எனக்கும் மாமாவுக்கும் ஆறு வருஷமாகச் சண்டை. அவர் தூங்கும்போது நகத்துக்குப் பச்சை அடித்தேன். அவர் என் ஒரே வெள்ளைச் சட்டையை, முதுகுப் பக்கம் மட்டும், வேலை இடத்துச் சுவரின் கலருக்கு அடித்துவைத்தார். தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். சிவப்பு ஸ்டெய்னர் என்று ஒன்று உண்டு. பெயின்ட்டில் நாலு சொட்டு விட்டால் பக்கெட்டே நிறம் மாறும். அதில் கால் பாட்டிலை நான் டாய்லெட் டேங்கில் விட்டேன். மாமா உள்ளே போனார், வெளியே வந்தார், துண்டை உதறினார், சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்றால் எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கத்தினவன் தோற்றவன். "யார்றா இதைப் பண்ணது" என்று வாயைத் திறந்தால் ஆட்டம் முடிந்தது. பேசாமல் இருந்து, பேசாமல் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். பதினோரு வயதில். பெரிய சட்ட நிபுணர்.

புண் வந்தது இப்படி. ஒரு நாலு மாடிக் கட்டடம், வெளிச்சுவர் வேலை. சாரத்தில் ஏறும்போது இரும்புக் குழாய் முழங்காலுக்குக் கீழே கீறிவிட்டது. அதைச் சொறிந்தார். ஒரு புண் ஆறு புண் ஆனது. மேலே மஞ்சளாகப் பொருக்கு, கீழே நீர். காண்ட்ராக்டரிடம் இரண்டு நாள் லீவு கேட்டார்.

"காலால பெயின்ட் அடிக்கிறியா ஏணி, கையாலதானே" என்றாராம் காண்ட்ராக்டர்.

மாமா என்ன செய்தார் தெரியுமா. ஜன்னல் ஓரத்தில் பெயின்ட் வழியாமல் இருக்க ஒட்டுவார்களே, மாஸ்கிங் டேப், அதை எடுத்துப் புண்ணின் மேல் ஒட்டிக்கொண்டார். நேராக, சுருக்கம் இல்லாமல், நாலு மூலையும் சமமாக. பார்த்தால் காலில் யாரோ ஒரு சின்ன ஜன்னல் வைத்த மாதிரி இருந்தது. மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் போட்டார். பத்துப் பன்னிரண்டு நாளில் புண் காய்ந்து, கறுப்பு வட்டங்கள் மட்டும் மிச்சம். எல்லோரும் மறந்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கள்கிழமை காலையில் அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டேய், இங்க வா. உன் மாமனைப் பாரு. கொஞ்சம் பூசினாப்ல இல்ல?"

பார்த்தேன். கன்னம் உருண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே மெத்தென்று இருந்தது.

"ஆமாம்மா. ஏணிக்குக் குஷன் வச்சிருக்காங்க" என்றேன்.

"வாயைக் கழுவு. இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டது இப்பதான் ஒட்ட ஆரம்பிச்சிருக்கு" என்றாள். அன்றைக்கு அவள் நடந்த நடையே வேறு.

இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரிந்தால் நான் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவேன். ஒல்லியாக இருப்பவன் முகம் கொஞ்சம் உப்பினால் போதும், பூசினாப்ல இருக்கு, பூசினாப்ல இருக்கு என்று வாழ்த்த ஆரம்பித்துவிடுகிறோம். யார் பூசினார்கள், எதைப் பூசினார்கள், உள்ளே ஈரம் நிற்கிறதா, ஒருவரும் கேட்பதில்லை. கீழ்வீட்டு டெய்லர் சொன்னார். டீக்கடைக்காரர் சொன்னார். காண்ட்ராக்டர், "என்னய்யா, ஏணி தூண் ஆயிடுச்சு" என்று முதுகில் தட்டினாராம். மாமாவும் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். இருபது வருஷமாக உப்பின சுவரை விரலால் அழுத்திப் பார்த்து, "உள்ள தண்ணி நிக்குது. முதல்ல பைப்பைப் பாருங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க" என்று வீட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர். தன் முகத்தை அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை. காலையில் முகம், சாயங்காலம் பாதம். செருப்பு வார் பதிந்து பள்ளமாக நின்றது. தலைவலி என்றார். மருந்துக்கடைக்குப் போய் வலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிவந்து கொடுத்தேன். எவ்வளவு நல்ல பையன் பாருங்கள்.

வியாழக்கிழமை காலை கீழே இறங்கினால் என் சைக்கிள் முழுக்க மாஸ்கிங் டேப். சீட்டு, மணி, பெடல், ஒவ்வொரு ஸ்போக் கம்பியும். பிரிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஜெராக்ஸ் கடை முதலாளி வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டினார். நான் கத்தவில்லை. ஆனால் புரியவில்லை. சைக்கிளுக்கு முன்னால் கடைசியாக அடி வாங்கியதும் நான்தான். அப்படியென்றால் அடுத்த முறை என்னுடையதுதானே. மாமா எதற்கு முந்திக்கொண்டார்? கேட்டிருக்கலாம். கேட்டால் தோற்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் டிபன் பாக்ஸில், அம்மா மூடிவைத்த சோற்றைக் கிளறி, ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுக் கலந்து மறுபடி மூடினேன்.

சாயங்காலம் பாக்ஸ் காலியாக வந்தது. ஒரு பருக்கை இல்லை. மாமா முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "இன்னிக்குச் சாப்பாடு நல்லா இருந்துச்சுக்கா" என்று அம்மாவிடம் வேறு சொன்னார், என்னைப் பார்த்துக்கொண்டே. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்த நேரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்விட்டு வந்தவர் இரண்டாவது மாடியிலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. நான் மேலேயிருந்து இறங்கிப் போனேன். முகம் இன்னும் உருண்டு, கண் கீற்றாக இருந்தது.

"மாப்ள" என்றார். "சரி, நான் தோத்துட்டேன்னே வச்சுக்கோ. அந்தக் கலரை நிறுத்து."

"எந்தக் கலரை?"

"நடிக்காத. புதன்கிழமையிலிருந்து போறதெல்லாம் சிவப்பும் கறுப்புமா போகுது. டேங்க்ல கலந்திருக்கேன்னு தெரியும். அதுக்குத்தான் சைக்கிள்."

"மாமா, நான் எதுவும் கலக்கல."

"சரி, வீட்டுல கலந்த. அது பரவால்ல. வேலை இடத்துலயும் அதே கலர்தான் வருது. அங்க எப்படிடா வந்து கலந்த? அதை மட்டும் சொல்லு, நாலு நாளா யோசிக்கிறேன்."

அவர் நிஜமாகவே மெச்சிக்கொண்டு கேட்டார். என்னை அவ்வளவு பெரிய ஆளாக நினைத்திருக்கிறார். நாலு நாள் ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு, பையன் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடி இருந்திருக்கிறார்.

"மாமா, எந்திரிங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ், மெஷின் தப்பு என்று நினைத்து வேறு மெஷின் கொண்டுவந்தார். அதுவும் அதையே சொன்னது. டாக்டரம்மா வந்தார். குட்டையாக, தூக்கம் பற்றாத கண்ணோடு இருந்தார். மாமாவின் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. மாமா அந்தப் பள்ளத்தையே பார்த்தார்.

"நான் செவுத்துக்குப் பண்றதை நீங்க எனக்குப் பண்றீங்க" என்றார்.

"யூரின் என்ன கலர்ல போகுது? டீ மாதிரியா?"

"டீன்னா எந்த டீ?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். மாமா சட்டைப் பையிலிருந்து, பெயின்ட் நிறங்களைக் கட்டம் கட்டமாக அச்சடித்த ஷேட் கார்டை எடுத்தார். அவர் அது இல்லாமல் பாத்ரூமுக்குக்கூடப் போகமாட்டார். மர பாலிஷ் பக்கத்தைப் பிரித்து, "புதன் வியாழன் தேக்கு. வெள்ளியிலிருந்து வால்நட். இன்னிக்கு வால்நட்டுக்கும் ரோஸ்வுட்டுக்கும் நடுவுல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கார்டை வாங்கிப் பார்த்து அந்த நம்பரையே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

"போன ஒரு மாசத்துல தொண்டை வலி, தோல்ல புண், எதாவது?"

"இல்லைங்க."

"காலைக் காட்டுங்க மாமா" என்றேன். பேன்ட்டைத் தூக்கினேன். ஆறு கறுப்பு வட்டம்.

"அது ஆறிடுச்சேடா."

"ஆறினதுதான் பிரச்சினை" என்றார் டாக்டரம்மா. மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் வந்த பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எங்களுக்குச் சொன்னார். "அந்தப் புண்ணுல ஒரு கிருமி இருந்திருக்கு. அதைப் பிடிக்க உடம்பு ஆள் அனுப்புச்சு. பிடிச்சிடுச்சு. ஆனா பிடிச்சவனும் பிடிபட்டவனும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு, கட்டி கட்டியா கிட்னியில போய் உட்கார்ந்துட்டாங்க. கிருமியோட துண்டே நேரா அங்க போய் ஒட்டிக்கிறதும் உண்டு. கிட்னின்னா சல்லடைதானே. சல்லடைக் கண்ணுல மாட்டிக்கிச்சு. உடம்பு, அங்க எதிரி இருக்கான்னு நினைச்சு மறுபடி அடிக்குது. இப்ப அடி வாங்குறது சல்லடை."

மாமா ஸ்ப்ரே கன் பிடிப்பது போல விரலை மடக்கினார். "ஸ்ப்ரே கன்ல ஆடை படிஞ்ச பெயின்ட்டை ஊத்தினா ஃபில்டர் அடைச்சிக்கும். அது மாதிரி."

"கிட்டத்தட்ட. ஆனா உங்க ஃபில்டர் அடைச்சதோட நிக்காம வீங்கவும் செய்யுது."

"கழட்டித் தின்னர்ல ஊற வைக்க முடியாதா?"

"முடியாது. அதுவாத்தான் தெளியணும். சின்னப் பசங்களுக்கு அனேகமா தெளிஞ்சிடும். உங்க வயசுல நான் சத்தியம் பண்ண மாட்டேன். தெளியற வரைக்கும் மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணுவோம். தெளியலேன்னா மெஷின்தான்."

"எப்பத் தெரியும்?"

"யூரின் கூடுதான்னு பார்ப்போம். சில வாரம்."

"அப்ப என்னை அடிச்சது வெளியாள் இல்ல. என் ஆளுங்களேதான்" என்றார் மாமா.

நான் டாக்டரம்மாவைக் கேட்டேன். புண்ணுக்கு முதலிலேயே சரியாக மருந்து போட்டிருந்தால் இது வந்திருக்காதா. எனக்கு ஆமாம் என்ற பதில் வேண்டியிருந்தது. ஆமாம் என்றால் காண்ட்ராக்டர் மாட்டினார்.

"புண்ணு சீக்கிரம் ஆறியிருக்கும், மத்தவங்களுக்குப் பரவாம இருந்திருக்கும். இது வராம இருந்திருக்குமான்னா, சொல்ல முடியாது. ஆனா முகம் வீங்கின அன்னிக்கே வந்திருந்தா பிரஷரைப் பிடிச்சிருக்கலாம். வலி மாத்திரை கொடுத்திருக்கக் கூடாது, அது இந்த நேரத்துல கிட்னியை இன்னும் கெடுக்கும். முக்கியமா உப்பு. உப்பைச் சுத்தமா நிறுத்தியிருக்கணும்."

மாமா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். அவர் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

நேராக மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"எங்க மாமாவுக்கு என்ன மாத்திரை கொடுத்தீங்க? கிட்னி போச்சு, தெரியுமா உங்களுக்கு?"

"மாமாவுக்கா? நான் எங்கப்பா கொடுத்தேன். நீதானே வந்து வலி மாத்திரை கேட்ட. யாருக்குன்னு கேட்டேன். என்ன சொன்ன?"

நினைவு வந்தது. 'எனக்குத்தான். உங்க கடை போர்டைப் பார்த்தாலே தலை வலிக்குது' என்று சொல்லியிருந்தேன். அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"முகம் வீங்கியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொடுத்திருக்க மாட்டேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். திட்டவில்லை, அதுதான் கொடுமை. வெளியே வந்து சைக்கிளை உதைத்தேன். ஸ்டாண்டு வளைந்தது அன்றைக்குத்தான்.

மாமாவின் கழுத்தில் ஒரு குழாய் போட்டார்கள். நாலு மணி நேரம் அவர் ரத்தம் வெளியே போய், ஒரு மெஷினைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும். அதில்கூட அவர் குழாய்க்குள் ஓடுகிற சிவப்பின் நம்பரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அவருக்கு உண்மையான கோபம் வந்தது வார்டு சுவரைப் பார்த்து. அவர் கட்டிலுக்கு எதிர்ச்சுவர் கொப்புளம் கொப்புளமாக உப்பி, ஓரத்தில் உரிந்து தொங்கியது.

"எவன்டா இதை அடிச்சது" என்று முதல் நாள் ஆரம்பித்தார். "ஈரம் காயாம அடிச்சிருக்கான். பட்டி பார்க்கல. ப்ரைமர் வைக்கல. இவன் கையை உடைக்கணும்." இரண்டாம் நாளும் அதே. சாப்பாடு வந்தாலும் அதே, ஊசி போட்டாலும் அதே. கிட்னியைப் பற்றி ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணில் படாத அந்தப் பெயின்டரின் மூன்று தலைமுறையைத் திட்டினார்.

மூன்றாம் நாள் தரை துடைக்கிற அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். "அண்ணே, நானும் மூணு நாளா கேட்டுக்கிட்டே இருக்கேன். அது நீங்க அடிச்சதுதான்."

"நானா?"

"நாலு வருஷம் முன்னாடி. ஏணி இல்லாமலே மேல் ஓரத்தை அடிக்கிறீங்கன்னு நாங்க எல்லாம் வேடிக்கை பார்த்தோமே. அன்னிக்கு யாரோ பெரிய ஆள் பார்க்க வர்றாங்கன்னு உங்க காண்ட்ராக்டர் நின்னு விரட்டினாரு. ஈரமா இருக்குன்னு நீங்க சொன்னீங்க. அப்புறம் அடிச்சீங்க."

மாமா வாயை மூடியவர் அன்று சாயங்காலம் வரை திறக்கவில்லை. பிறகு என்னிடம், "செவுறு ஞாபகம் வச்சிருக்கு பாரு" என்றார். எனக்கு உப்பு ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்கவேண்டும். 'மாமா, அந்த டிபன் பாக்ஸ்' என்று வாய்வரை வந்தது. "ஆமா மாமா" என்று மட்டும் சொன்னேன்.

அதற்கு அடுத்த நாள் காண்ட்ராக்டர் பழங்களோடு வந்தார். மெஷினில் நீரையெல்லாம் எடுத்ததால் மாமாவின் கன்னம் பழையபடி ஒட்டியிருந்தது. காண்ட்ராக்டர் தலையை ஆட்டினார்.

"என்னய்யா இப்படி வத்திட்ட. போன வாரம் எவ்வளவு நல்லா, பூசினாப்ல இருந்த."

அம்மா எழுந்தாள். அவள் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை, அன்றும் போடவில்லை. பழப் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அது சதை இல்லைங்க, தண்ணி. நானும் அதைப் பார்த்துதான் ஒரு வாரம் சந்தோஷப்பட்டேன். என் தம்பி செத்துக்கிட்டு இருந்தான், நான் திருஷ்டி பட்டுடுமோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அந்த வார்த்தையை இன்னொரு தடவை என் காதுல போடாதீங்க. கிளம்புங்க."

"நான் நல்லதுதானே சொன்னேன்..."

"ரெண்டு நாள் லீவு கேட்டானே, அன்னிக்குச் சொல்லியிருக்கணும் நல்லது."

அவர் போன பிறகு அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா, "அக்கா, அந்தப் பழத்துல ஒண்ணாவது வாங்கி வச்சிருக்கலாம்" என்றார்.

"உனக்குப் பழம் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் அம்மா.

நாட்கள் போயின. ஒரு ஜாடி கொடுத்திருந்தார்கள், அதில்தான் ஒன்றுக்குப் போகவேண்டும். அதன் அடியில் ஒரு விரல்கடைகூட நிறையவில்லை. நர்ஸ் வந்து அளவைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டு போவார். ஒன்றும் சொல்லாமல் எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வந்தது. என் வேலையே அடுத்தவர் காகிதத்தைப் படிப்பது. அந்தக் காகிதத்தை மட்டும் படிக்கப் பயந்தேன். ஒன்பதாம் நாள் ஜாடி பாதி. பதினொன்றாம் நாள் இரண்டு தடவை மாற்றினார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்ப்பார்கள், கிட்னி தேறத் தேற அது குறையும். ஏழரையில் இருந்தது ஐந்தானது, மூன்றானது. மெஷினை நிறுத்தினார்கள். டாக்டரம்மா ஷேட் கார்டைக் கேட்டு வாங்கி, "இப்ப எது?" என்றார். "தேக்குக்கு வந்துட்டேன்" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்தோம். ஆனால் முடிந்துவிடவில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தெளியவும் செய்யும், சிலருக்கு உள்ளேயே மெதுவாகக் கெட்டுக்கொண்டும் போகும். தினமும் அளவு பார்க்கவேண்டும், பிரஷர் பார்க்கவேண்டும், உப்பு கூடாது. அம்மா வீட்டில் யாருக்குமே உப்புப் போடவில்லை. ஜாடி பாத்ரூமுக்கு வந்துவிட்டது.

காலையில் மாமா ஜாடியை வைத்துவிட்டு வந்து மறுபடி படுப்பார். நான் பல் தேய்க்கிற சாக்கில் உள்ளே போவேன். அவருடைய பழைய ஷேட் கார்டு ஒன்றை டேங்குக்குப் பின்னால் செருகிவைத்திருந்தேன். பல்புக்குக் கீழே ஜாடியைப் பிடித்து, எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறதோ அந்தக் கட்டத்தில் பென்சிலால் தேதி போடுவேன். தேக்கு, தேக்கு, தேன், தேன், தேன், அப்புறம் வைக்கோல். வெளியே வந்து, "உங்க ஜாடி நாத்தம் தாங்க முடியல, வாடகைக்கு வேற வீடு பாருங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவேன்.

வீட்டுக்கு வந்த பதினாறாம் நாள் காலை ஜாடி சிவப்பாக இருந்தது.

தேக்கு இல்லை, வால்நட் இல்லை. பச்சை ரத்தச் சிவப்பு. நான் கத்தவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கார்டை எடுத்துத் தேதி போட்டேன். ஏன் போட்டேன் என்றும் தெரியாது, கையில் பென்சில் இருந்தது. வெளியே வந்து, "மாமா, இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

"அடுத்த வாரம்தானே?"

"இன்னிக்குப் போறோம்."

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். அங்கே புதிதாக மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். கிரியாட்டினின் ஒன்றரை. ரத்தம் லேசாக, கண்ணுக்குத் தெரியாத அளவு. "போன தடவையைவிட நல்லாதான் இருக்கு. எதுக்கு அவசரமா வந்தீங்க?" என்றார் டாக்டரம்மா. மாமா, "பையன் ஆசைப்பட்டான்" என்றார்.

வீட்டுக்கு வந்தவுடன் அவர் நேராகப் பாத்ரூமுக்குள் போனார். டேங்குக்குப் பின்னால் கையை விட்டார். கார்டோடு வெளியே வந்து, சமையல் இடத்து ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"இது யாரோடது?"

"எனக்குத் தெரியாது. பழைய கார்டு. குப்பையில போடுங்க."

"குப்பைக்குத் தேதி போடுவாங்களா?" ஒவ்வொரு கட்டமாக விரலை நகர்த்தினார். கடைசித் தேதியில் நிறுத்தினார். "மத்ததெல்லாம் ஒழுங்கா எழுதியிருக்க. இது மட்டும் கோழி கிளறின மாதிரி இருக்கு."

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"இன்னிக்கு ஜாடியில இருந்தது ஸ்டெய்னர். நாலு சொட்டு."

நான் வாயைத் திறந்தேன்.

"கத்தாத. கத்தினா தோத்த" என்றார். "அது அந்த உப்புக்கு. ஒரு டப்பா முழுக்கத் தின்னேன்டா நான், ஒரு பருக்கை மீதி வைக்காம. நீயா சொல்லுவேன்னு இத்தனை நாளும் பார்த்தேன்."

"மாமா, எனக்குத் தெரியாது மாமா. தெரிஞ்சிருந்தா..." கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்காமல் நின்றேன். அது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நாலு சொட்டு. இல்லேன்னா பாட்டிலையே கவுத்திருப்பேன்."

கார்டைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். சுவர் பார்க்கும்போது அப்படித்தான் பார்ப்பார்.

"அது போகட்டும். இந்தப் பதினாறு நாளும் தப்பு" என்றார். "பாத்ரூம் பல்பு மஞ்சள். அதுல எல்லாமே ஒரு ஷேட் தூக்கித்தான் காட்டும். நீ தேன்னு போட்டதெல்லாம் வைக்கோல். கலரைப் பகல் வெளிச்சத்துல பார்க்கணும்னு இத்தனை வருஷத்துல உனக்குத் தெரியாதா?"

கார்டை என் சட்டைப் பையில் செருகினார்.

"நாளையிலிருந்து ஜாடியை இந்த ஜன்னலுக்குக் கொண்டு வந்து பாரு. உங்கம்மா அடுப்புப் பக்கம் வர்றதுக்கு முன்னாடி."